கதவின் அகலம் எழுபத்தெட்டு

முதலில் அளந்தது கதவைத்தான்.
பெயின்ட் உரிந்த சட்டத்திலிருந்து எதிர்ச் சட்டம் வரை
எழுபத்தெட்டு சென்டிமீட்டர்.
மெதெயீன் நகரத்தில், எங்கள் மன்ரீகே மேட்டில்,
வண்டியைத் தெருவில் விட்டுத் தூங்குகிறவர்கள்
விடிந்ததும் நடந்து போகிறார்கள்.
எதை வாங்கினாலும் இரவில் அது
ஃபிரிட்ஜுக்கும் சோபாவுக்கும் நடுவே
எங்களோடு குடியிருக்க வேண்டும்.

நான் கண்ணாடி வில்லை தேய்க்கிறவள்.
ஒரு நூலிழை பிசகினால்
யாருக்கோ ஒரு வருடம் தலைவலி என்று தெரியும்.
பட்டியலையும் அப்படித்தான் போட்டேன்:
லிட்டருக்கு எவ்வளவு,
பிரேக் கட்டை தெருமுனைக் கடையில் கிடைக்குமா,
நிற்கும்போது குதிகால் தரையைத் தொடுமா.
எல்லாவற்றுக்கும் கீழே, பென்சிலில், சின்னதாக:
சிரிக்க வைக்குமா?
வெட்கமாகி அழித்தேன்.
தாளில் பள்ளம் மிஞ்சியது.

எதிர்வீட்டு உபெய்மார் தன் நூறு சிசியைத் தந்தான்.
"கழுதை. கேட்காது, கெடாது."
ஓட்டிப் பார்த்தேன்.
ஏற்றத்தில் இரண்டாவது கியர்,
பிறகு முதல் கியர்,
பிறகு பின்னால் வந்த பஸ்ஸிடம் மன்னிப்பு.
குறை சொல்ல ஒன்றுமில்லை.
பல் டாக்டரின் காத்திருப்பு அறையிலும்
குறை சொல்ல ஒன்றுமில்லை.

என்விகாதோ ஷோரூமில் ஒரு அறுநூற்றைம்பது.
உட்கார்ந்ததும் அடிவயிற்றில்
தூங்கிய பூனை ஒன்று எழுந்து முதுகை வளைத்தது.
விற்பனையாளர் எலியேசர் தவணைக் கணக்குப் போட,
நான் பையிலிருந்து டேப்பை எடுத்தேன்.
ஹேண்டில்பார் தொண்ணூற்றொன்று.
இரண்டு நாள் யோசித்தேன்,
கதவைக் கொஞ்சம் இடித்துக் கட்டினால் என்ன என்று.
"சுவர் வீட்டுக்காரருடையது"
என்றாள் அக்கா நுபியா,
வாணலியிலிருந்து தலையைத் திருப்பாமல்.

பெய்யோவில் ஒரு கால்நடை மருத்துவர், மர்யோரி.
ஐந்து வருடம் ஓட்டிய இருநூறு.
"ஏன் விற்கிறீர்கள்?"
"வயிறு டேங்கைத் தொட்டுவிட்டது. எட்டாம் மாதம்."
சீட் ஓரத்தில் ஏதோ நாயின் பல்தடம்.
டேங்கில் ஒரு நசுங்கல், உள்ளங்கை அளவு.
ஹேண்டில் எழுபத்தாறு.
என் அடையாள அட்டையை அவளிடம் விட்டுக் கிளம்பினேன்,
பத்து நிமிடம் என்று சொல்லி.

மூன்று மணிக்கு வரும் மழை மூன்று மணிக்கு வந்தது.
பாலத்தடியில் நாற்பது வண்டிகள் ஒதுங்கியிருந்தன.
சாக்ஸைப் பிழிந்தார்கள்.
ஒருவன் பிளாஸ்டிக் கோட்டு விற்றான்,
காலையில் சொன்ன விலையைப்போல் இரண்டு மடங்குக்கு.
பக்கத்தில் நின்ற பீட்சாக்காரர் கேட்டார்,
"எவ்வளவு கொடுக்குது?"
"முப்பத்தெட்டு," என்றேன்,
"மேட்டில் கொஞ்சம் குறையும்."
ஐந்து வருடம் ஓட்டியவள்போல.
அவர் தலையாட்டியதும்தான் உறைத்தது,
யாருடைய வண்டிக்கு நான் பதில் சொல்கிறேன் என்று.

மழை விட்டது. நாற்பது எஞ்சினும் ஒரே மூச்சில்.
பாலம் தாண்டி இடப்பக்கம் ஒரு வளைவு,
ஈரம், ஆனால் மணல் இல்லை.
அது சாய்ந்ததா நான் சாய்ந்தேனா,
நடுவில் யாரும் பேரம் பேசவில்லை.
ஹெல்மெட்டுக்குள் சத்தமாக ஏதோ வந்தது.
வைசர் முழுக்க என் சிரிப்பின் ஆவி.
நாள் முழுக்க ஊருக்குப் பார்வை சரிசெய்கிறவள்
நாலு நொடி ஒன்றும் தெரியாமல் போனேன்.

அன்றிரவு கதவருகே ஒரு பாடம்:
ஹேண்டில் எழுபத்தாறுதான்,
கண்ணாடிகளோடு எண்பத்து நான்கு.
அதை நான் அளக்கவில்லை.
இப்போது சாவி தொங்கும் ஆணியிலேயே
ஒரு பத்தாம் நம்பர் ஸ்பேனரும் தொங்குகிறது.
இரவு இடது கண்ணாடியைக் கழற்று,
காலையில் மாட்டு.
நுபியாவின் செருப்புகள் கட்டிலடிக்குப் போயின,
ஒரு வாரம் முகம் தூக்கலோடு.

விளக்கணைத்த பின் ஃபிரிட்ஜ் முனகும்.
ஆறிக்கொண்டிருக்கும் எஞ்சின்
டிக், டிக் என்று இடையில் ஏதோ சொல்லும்.
பதினொரு கிலோமீட்டர் போக, பதினொன்று வர.
பட்டியலில் எல்லாம் சரி.

குதிகால் மட்டும் தொடவில்லை.
சிக்னல்களில் நுனிக்காலில் நிற்கிறேன்,
சுவருக்கு அப்பால் எட்டிப் பார்ப்பதுபோல.
அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை.