தீக்குச்சி எடை

ஜாடோ தங்கக் குழிகளில்
ஒரு நிமிடப் பேச்சுக்கு
ஒரு தீக்குச்சி எடைத் தங்கம்.
தராசு என்னுடையது, குச்சியும்.
எண்ணெயில் ஊறவைத்த குச்சியா என்று
லவாலி மட்டும் முகர்ந்து பார்ப்பான்.

கூடாரத்துக்குள் எடுக்காது. வெளியே வா.
கொம்பை நீட்டிப் பிடி.
தென்கிழக்கே, அச்சு முறிந்த அந்த லாரிக்கு மேலே
கண்ணுக்குத் தெரியாமல் ஒன்று நிற்கிறது.
முகத்தை அதற்குக் காட்டு.
பேசு. நிறுத்து. பொறு.
சொன்னது ஏறி இறங்க வேண்டும்.

பொறுக்காதவர்கள்
இரண்டு பக்கமும் ஒன்றாக "என்ன?" என்பார்கள்
ஒன்றாக வாயடைப்பார்கள்
ஒன்றாக "நீ சொல்லு" என்பார்கள்.
அந்தத் தடுமாற்றத்தில்தான் எனக்கு ரொட்டி.

அப்கர் டார்ஃபூரைக் கூப்பிட்டு
ஆட்டை ஏன் அவ்வளவு மலிவாக விற்றாய் என்று
ஆட்டின் விலைக்கு மேலேயே பேசிவிட்டான்.
லவாலி கெட்டி.
குழந்தை பிறந்ததா? பிறந்தது. வைத்துவிட்டான்.
ஐம்பத்தெட்டு விநாடி.
பத்தடி நடந்து திரும்பி வந்தான்.
ஆணா பெண்ணா கேட்கவில்லை.
இரண்டாவது குச்சி இன்னும் கடனில் இருக்கிறது.
பெண்.

மாதக் கடைசி.
அட்டையில் பதினொரு நிமிடம் மிச்சம்,
நள்ளிரவு தாண்டினால் செல்லாது.
மூன்று நாளாக மணல் காற்று.
போதாததற்கு, நாற்பது எட்டுக்கு அப்பால்
தூபு வியாபாரி வர்துகு
அரைக் குச்சிக்கு இறங்கிவிட்டான்.
வரிசை அவன் வாசலில்.
நாங்கள் முகம் பார்த்துப் பேசி ஒரு மாதம்.

கெட்டுப்போகும் நிமிடத்தை என்ன செய்வது?
தின்ன முடியாது, உப்பிட்டு வைக்க முடியாது.
காற்று சற்றே தணிந்ததும்
வெளியே வந்து கொம்பை நீட்டி
வர்துகுவின் எண்ணை அழுத்தினேன்.

அவன் கூடாரத்தில் மணி அடித்தது.
தலைப்பாகையை அவிழ்த்தபடி வெளியே ஓடிவந்து
தென்கிழக்கே திரும்பி நின்றான்.
"யார்?"
இருட்டிலிருந்து ஒருமுறை கேட்டது.
பிறகு வானத்திலிருந்து ஒருமுறை.

"நான்தான். அரைக் குச்சியில்
உனக்கே என்ன மிஞ்சுகிறது?"

பொறுத்தேன்.
முதலில் அவன் தோள் குலுங்கியது தெரிந்தது.
சிரிப்பு மணலைத் தாண்டி வந்தது.
காதில் வைத்திருந்த சிரிப்பு
பின்னாலேயே, கொஞ்சம் தகரம் கலந்து.

"ஒன்றும் மிஞ்சவில்லை.
நாளையிலிருந்து ஒன்றேகால்?"

"ஒன்றரை."

போனை அணைக்காமலே நடந்து வந்தான்,
அணைக்காமலே நானும்.
இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.
அவனிடம் தேநீர் இருந்தது.