ஏழாம் கூடு

மாங்குளத்தில் ஏறி
முறிகண்டி தாண்டும்போது பிடிபட்டாள்,
கதவோரம், பின்னல் காற்றில் அவிழ நின்றபடி.
பரிசோதகர் ரிக்கற் கேட்டார்.
அவள் பெயரைச் சொன்னாள்:
செல்வச்சந்திரன் யதுசிகா.
ஊர், பள்ளிக்கூடம், வகுப்பு,
கேட்காததையும் சேர்த்து.

இப்போது என் மேசைக்கு முன்னால் இருக்கிறாள்.
நான் நன்னடத்தை உத்தியோகத்தர்.
நீதவானுக்கு அறிக்கை எழுத வேண்டியவள்.
வயது: பதினான்கும் இரண்டு மாதமும்.
அரை ரிக்கற்றுக்கு இரண்டு வருடம் கூட,
ஒப்பம் வைக்க நாலு வருடம் குறைய.
ரயிலுக்கு முழு ஆள்,
கோட்டுக்கு அரை ஆள்.
இந்த இடைவெளிக்குள்தான்
என் மாதச் சம்பளம் ஓடுகிறது.

ஆறு கூடு நிரப்பியாயிற்று.
தகப்பன்: வெட்டுமெசின் சாரதி,
இந்தப் போகம் அம்பாறையில்.
தாய்: ஆடைத் தொழிற்சாலை, இரவு முறை.
வீடு: வீட்டுத்திட்டம், பூச்சு முடியவில்லை.
ஏழாம் கூடு: காரணம்.

அதில் எதை எழுதவேண்டுமென்று எனக்குத் தெரியும்.
வறுமை.
மூன்றெழுத்து.
கண்டதும் நீதவான் கண்ணாடியைக் கழற்றுவார்,
இரண்டு வார்த்தை எச்சரிப்பார்,
மதியச் சாப்பாட்டுக்கு முன்னம் எல்லாம் முடிந்துவிடும்.

"காசில்லாமல்தானே ஏறினனீர்?"
கேள்வியல்ல அது,
மழைக்கு நீட்டிய குடை.

"காசு இருந்தது மிஸ்."

"பிறகேன்?"

"அம்மா தந்தவ. ரீலோட் போட்டனான்.
மிச்சத்துக்கு ரோல்ஸ்."
கொஞ்சம் யோசித்தாள்.
"ரெண்டு ரோல்ஸ்."

என் பேனை அந்த மூன்றெழுத்துக்கு மேலே
இன்னும் இறங்காமல் நின்றது.
தலைகீழாகவே வாசித்துவிட்டாள் போல.
"கஷ்டமெண்டு எழுதாதேங்கோ.
அம்மா வாசிச்சா அழுவா.
களவெண்டே எழுதுங்கோ, அடிப்பா,
அதோட முடிஞ்சிடும்."

எனக்குப் பதினான்கு நடந்த வருடம்
இந்தப் பாதையில் ரயில் இல்லை.
பாதையே இல்லை.
தண்டவாளம் எங்கள் பங்கருக்கு மேலே கிடந்தது,
குறுக்காக ஐந்து துண்டு,
அதற்கு மேல் மண்மூட்டை.
அதன் கீழே எத்தனை இரவு போனேன்,
எங்கேயென்று தெரியாமல்.
எவரும் ரிக்கற் கேட்கவில்லை.
அந்தக் கட்டணத்தை
எந்தத் திணைக்களத்தில் கட்டுவது?

இதை அவளுக்குச் சொல்லவில்லை.
சொன்னால்
அவளுடைய இரண்டு ரோல்ஸையும்
என் கதை தின்றுவிடும்.

எழுதினேன்:
பணம் இருந்தும் செலுத்தவில்லை. ஒப்புக்கொள்கிறார்.
பொய் சொல்லத் தூண்டப்பட்டும் சொல்லவில்லை.

தூண்டியது யாரென்று நீதவான் கேட்கவில்லை.

திறந்த மன்றில் அல்ல, அவருடைய அறையில்.
தண்டப்பணம் தாயின் பெயரில், இரண்டு தவணை.
மூன்று மாதம், மாதக் கடைசி வெள்ளி,
என் முன் தோன்றவேண்டும்.
கோட்டு மதிலோரம்
இரவுமுறை முடிந்த கண்ணோடு நின்ற தாய்
ஒரு அடி போட்டாள்.
சொன்னபடி அது முடிந்தது.
மற்றதுதான் முடியவில்லை:

"என்ர பேர் கொம்பியூட்டரில இருக்குமோ மிஸ்?
நான் பெரிசான பிறகு
ஆரும் தட்டினா வருமோ?"

வராது என்றேன்.
பிறகு,
வரக்கூடாது என்றுதான் விதி என்று திருத்தினேன்.
இரண்டுக்கும் உள்ள தூரத்தை
அவள் உடனே அளந்துவிட்டாள்.

முதல் வெள்ளி.
ரயிலில்தான் வந்திருந்தாள்.
ரிக்கற்றை மேசையில் வைத்தாள்,
வியர்வையில் ஒரு மூலை ஊறியிருந்தது.
முகம் அவ்வளவு கோபம்.

"ஒருத்தருமே பாக்கேல்ல மிஸ்.
வாசலிலயும் ஆளில்ல.
மாங்குளத்திலயிருந்து இங்கமட்டும்
கையிலயே பிடிச்சுக்கொண்டு நிண்டனான்."