மூன்றாவது ப்ளக்

செம்பூர். ஞாயிறு.
எஞ்சின் ஆறிவிட்டதா என்று
புறங்கையால் தொட்டுப் பார்த்தேன்,
குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல்.

முதல் ப்ளக் காப்பித்தூள் நிறம்.
இரண்டாவதும் அதே.
மூன்றாவது வரமாட்டேன் என்றது.
ஸ்பேனரில் உடம்பு முழுக்கச் சாய்ந்தேன்.
பால்கனியிலிருந்து குமுதா:
"உடைச்சுராத, வண்டி என் பேர்ல இருக்கு."

கிரீச்சென்று கழன்றது.
எண்ணெயில் ஊறிய கரிக்கட்டை.
பொறி செத்து எத்தனை மாதமோ.
அப்படியானால் வாஷி பாலம் ஏறியதெல்லாம்
இரண்டை வைத்துத்தான்.
"இழுவை இல்லை, வித்துரலாம்" என்று
உள்ளே உட்கார்ந்தே பேசினோம்.

புதியதை ரப்பர் குழாய் நுனியில் செருகி
விரலால் திருகினேன்.
மரை பிடிக்கும்வரை
மூச்சு விடவில்லை.

சாவியைப் போடு என்று நிமிர்ந்தால்
பால்கனியில் துண்டு மட்டும் காய்கிறது.
படியில்
செருப்புச் சத்தம்.