மிச்சச் செருப்புகள்

அசகிரி குலத்தார் எனக்கு அளப்பது
ஆண்டுக்கு நானூறு மூட்டை அரிசி.
ஈடாக
இருநூற்று அறுபது வேல்காரர்களும்
அவர்கள் பாதங்களும் என் பொறுப்பு.

பாதங்கள் என்றுதான் சொன்னேன்.
வைக்கோல் செருப்பு மலைப்பாதையில் இரண்டு நாள் தாங்காது.
ஆளுக்கு நான்கு ஜோடி, ஆயிரத்து நாற்பது
என்று எழுதிக் கொடுத்தேன்.
கணக்கர் முனேதொகி
தூரிகையை அந்தரத்தில் நிறுத்திக் கேட்டார்:
"உங்கள் ஆட்கள் செருப்பைத் தின்கிறார்களா?"

செருப்பை இல்லை, கயிற்றைத் தின்றோம்.
சேம்புத் தண்டில் திரித்து
மிசோவில் வேகவைத்துக் காயப்போட்ட கயிறு.
பகலில் பாரம் கட்டும்,
இரவில் ஒரு சாண் வெட்டிப் போட்டால்
கஞ்சிக்கு உப்பு.
ஏழாம் நாள் கட்டுவதற்குக் கயிறில்லை,
தோளில் சுமந்தோம்.

குரோசே ஆற்றைக் கடந்த விடியலை
வேறு யாராவது பாடட்டும்.
மூடுபனி.
முரசடித்த யசோசுகே
ஓர் அடியைத் தவறவிட்டான்.
திட்டுவதற்காகத் திரும்பினேன்.
முரசு மட்டும்
கவிழ்ந்த அண்டாபோல்
நீரோடு போய்க்கொண்டிருந்தது.

வென்றோம்.

தலைகளைக் கழுவி, முடி சீவி,
பலகைமேல் வரிசையாக வைத்தார்கள்.
பிரபுவுக்குப் பெயர் சொல்ல வேண்டியவன் நான்.
ஒன்பதாவதைத் தெரியாது என்றேன்.
தெரியும்.
போன வசந்தத்தில் அவனிடம்தான்
பழுப்புக் குதிரையை வாங்கினேன்.
விலையில் பாதி
இன்னும் பாக்கி.

ஊர் திரும்பியதும் முனேதொகி
பண்டகசாலையில் எண்ணிப் பார்த்தார்.
கால் படாத செருப்பு
இருநூற்றுப் பதினொரு ஜோடி.
"சிக்கனமென்றால் இதுவல்லவா!"
என் சம்பளத்தில் பத்து மூட்டை கூடியது.
நெற்றி பாயில் பட வணங்கினேன்.
எழ நேரமாயிற்று,
முழங்கால் வலி என்று நினைத்திருப்பார்கள்.

செஞ்சோற்றுக் கடன் என்கிறோம்.
எந்தச் சோறு, யாருக்குக் கடன்
என்று ஏட்டில் தனிப்பத்தி இல்லை.

பத்து மூட்டையும் வந்திறங்கிய இரவு
கட்டியிருந்த கயிற்றை முகர்ந்தேன்.
வெறும் வைக்கோல்.
இரண்டு மூட்டையைப் பழுப்பின் முதுகில் ஏற்றி
ஆழமில்லாத துறையில் அவிழ்த்துவிட்டேன்.
அக்கரையில் அதன் பழைய லாயம்
அதற்குத் தெரியும்.
விடியுமுன் வெறும் முதுகோடு வந்தது.
மறுநாள் இரண்டு.
அதற்கும் மறுநாள்.

ஐந்தாம் இரவு அது திரும்பவில்லை.
நான்கு நாள் கழித்து
மீன்படகு ஒன்றில்,
ஓலைப்பாயில் சுற்றி,
எங்கள் குலச்சின்னம் பொறித்த சேணம் மட்டும்
வந்து சேர்ந்தது,
நன்றாகத் துடைத்து.