தானியம் சேர்க்காதது

ஓல்டன் ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
பல் வைத்தியருக்கும் சாவி வெட்டுகிறவருக்கும் நடுவில்
செல்லப்பிராணிக் கடை. காசுப்பெட்டியில் நான்.
முயல் காது, ரோமத்தோடு பத்து.
மாட்டு நுரையீரல், கடற்பஞ்சாய்க் காய்ந்தது.
நெடுக்காக அறுத்த மான் கொம்பு.
எல்லாப் பொதியிலும் ஒரே பச்சை இலை,
ஒரே வாக்கியம்: தானியம் சேர்க்கவில்லை.

கோதுமை இல்லாமல் பிஸ்கட் எப்படி என்று கேட்பார்கள்.
பின்பக்கம் திருப்பி வாசித்துக் காட்டுவேன்:
கடலைமா, மரவள்ளி, வற்றாளங்கிழங்கு, முருங்கையிலைத் தூள்.
சிரிப்பை அடக்குவது கஷ்டம்.
என் குசினி அலமாரியை யாரோ
ஜெர்மனில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை, கடை சாத்தக் கால்மணி இருக்க
மூன்றாம் மாடி ஹெர் ஸ்டூடர்.
கையில் இருநூறு கிராம் காய்ந்த மீன்.
விரல் நீளம், வெள்ளி வயிறு, தலை கிள்ளாதது.
பதினான்கு பிராங் தொண்ணூறு.
நெத்தலி இல்லை. நெத்தலிக்கு
ஒன்றுவிட்ட தம்பி.

போன ஓகஸ்டில் இவர்தான் கடிதம் போட்டார்,
பல்கனியில் நான் உலர்த்துவது
ஒழுங்குவிதி பதினொன்றுக்கு முரண் என்று.
பிரதி, நிர்வாகத்துக்கு.
விளங்காத ஒரு சொல்லுக்கு அகராதி பார்த்தேன்:
நாற்றம் என்றிருந்தது.
பழந்தமிழில் அது நல்ல சொல். அவரிடம் யார் சொல்ல?
சுளகை உள்ளே எடுத்தேன்.
அதன் பிறகு பொரிப்பதென்றால்
ஜன்னல் அடைத்து, கதவடியில் ஈரத்துவாய் வைத்து,
களவெடுக்கிறவள் போல.

அவருக்கு என்னைத் தெரியவில்லை.
முகம் மறைய ஒரு சீருடை போதும்.
"இயற்கையானதா?"
"வெயிலில் காய்ந்தது."
"அரிசி, சோளம்?"
"மீன் மட்டும்."
"கோதுமை பட்டால் காஸ்டோனுக்குத் தோல் சிவக்கிறது.
இரவெல்லாம் சொறிகிறான். எனக்கும் நித்திரையில்லை."
நாயின் காதை மடித்துக் காட்டினார்.
உண்மைதான். உள்ளே ரோஸ் நிறத்தில் புண்.
எட்டு மாதமாய் நான் கூராக்கி வைத்திருந்த வசனம்
தொண்டையிலேயே முள்ளாய் நின்றது.
"நாளுக்கு மூன்று போதும்" என்றேன்.
"தண்ணீர் கூட வையுங்கள். கடல்மீன், உப்பு."

காஸ்டோன் முன்னங்கால்களை மேசையில் ஊன்றி
பொதியை விட்டுவிட்டு என் விரல்களை நக்கியது,
நகக்கண் நகக்கண்ணாக.
"ஆச்சரியம், யாரிடமும் போகமாட்டான்."
நேற்றிரவுப் பொரியல். இரண்டு தரம் சவர்க்காரம் போட்டும்
அதற்குத் தெரிந்திருக்கிறது
நான் எந்த மாடியென்று.

மிச்சம் பத்து ராப்பன் கொடுத்தேன்.

இன்று செவ்வாய். லிஃப்ட் கதவு திறந்ததும் அடித்தது,
உப்பு, வெயில், கொஞ்சம் அழுகல்.
மூன்றாம் மாடியிலிருந்துதான்.
ஐந்தாவது வரைக்கும்
நன்றாக மூச்சிழுத்துக்கொண்டு போனேன்.

சுளகு கட்டிலுக்கடியில் கிடக்கிறது.
வியாழக்கிழமை வெயில் என்கிறது வானொலி.