நான்கு அங்குலம்

பாம்பன் மார்க்கெட் வளைவில்
ஐஸ் கடைக்கு மேல்மாடியில் என் தையல் மெஷின்.
நம்புசெல்வி படியேறி வந்து போனை நீட்டினாள்.
"இது மாதிரி ஒண்ணு வேணும்க்கா,
தங்கச்சி ரிசப்ஷனுக்கு."

திரையில் ஒருத்தி,
உடுக்கையின் நடுவைப் போல இடுப்பு.
கார்செட்.
அதுவரை நான் தைத்ததில்லை.
தைத்திருக்கிறேன் என்றேன்.

மூன்று இரவு வீடியோ.
முன்காலத்தில் அதற்குள் திமிங்கில எலும்பு வைத்தார்களாம்.
எலும்பே இல்லையாம் அது,
வாய்க்குள் இரை வடிகட்டும் நார்த்தட்டாம்.
சொன்னதும் செல்வி மூக்கைப் பொத்தினாள்.
குந்துகாலில் ஒன்று ஒதுங்கி
ஒன்பது நாள் தெருவுக்கே சோறு இறங்கவில்லை.
"அதையா இடுப்புல கட்டுனாளுக!"

நம்முடையதில் எலும்பு
போட் இன்ஜின் கடையின் கேபிள் டை, இருபத்திரண்டு.
உள்ளே காடா, நடுவே கேன்வாஸ்,
மேலே மயில்கழுத்துப் பட்டு.
முதுகுக்கு இருபத்து நான்கு கண்ணிகள்.
தார்ப்பாய்க்கு வளையம் அடிக்கும் சீனி மீரான்
அடித்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்,
எந்தப் படகுக்கு?

அளவெடுக்கும்போது
எல்லோரிடமும் சொல்வதைத்தான் சொன்னேன்:
மூச்சை இழுத்துப் பிடி.
பிடித்தாள்.
டேப் சுற்றினேன், எண் பார்த்தேன்,
பென்சில் தேடினேன்,
கீழே ஐஸ் உடைக்கிறவனைத் திட்டினேன்,
திரும்பினால்
இன்னும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்,
கண்ணில் மட்டும் சிரிப்பு.
ஒன்றரை நிமிடம் போயிருந்தது.
"விடுடி!"
விட்டாள்.
டேப் நழுவி இடுப்பில் விழுந்தது.

மூச்சோடு முப்பத்து மூன்று.
மூச்சில்லாமல் இருபத்தொன்பது.
என் நோட்டில் எந்த உடம்புக்கும்
இவ்வளவு வித்தியாசம் இல்லை.
பாறையடியில் பாசி பறிக்க
அவள் கட்டிக்கொண்டு போகிற காற்று
அந்த நான்கு அங்குலத்தில் இருக்கிறது.
வீடியோக்காரி இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கத்தரியை எடுத்தேன்.
மேல் விளிம்பை இறக்கினேன்
விலா முடிகிற இடம் வரைக்கும்.
அரை மீட்டர் பட்டு வீண்.
போகட்டும்.

இப்போது கேள், செல்வி.
வெறும் உடம்பில் போடாதே,
உள்ளே மெல்லிய பனியன்.
முதலில் முதுகு நாடாவை நன்றாகத் தளர்த்து.
பிறகு முன்கொக்கி,
கீழிருந்து இரண்டாவதில் தொடங்கு.
நாடாவை நடுவிலிருந்து இழு,
மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்,
வலை இழுக்கிற அவசரம் வேண்டாம்.
முதுகில் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும்,
மேலும் கீழும் ஒரே அளவில்.
முதல் நாள் ஒரு மணி நேரம் போதும்.
வலித்தால் அழகில்லை, தப்பாகக் கட்டியிருக்கிறாய்.
கழற்றும்போது நாடா முதலில்,
கொக்கி அப்புறம்,
மாற்றிச் செய்தால் கொக்கி தெறிக்கும்.
பிரியாணி கழற்றியபின்.

"இதோட முங்கலாமா?"

கூடாது.

"சும்மா கேட்டேன்."

பின்னால் கட்ட
தங்கச்சியைக் கூப்பிட்டுக்கொள் என்றேன்.
அவள் கேட்கவில்லை.
இரண்டு கையையும் முதுகுக்குக் கொண்டுபோய்
பார்க்காமலே இழுத்தாள்,
பார்க்காமலே முடிந்தாள்.
தண்ணீருக்கடியில் பாசிச் சாக்கை
இடுப்பில் கட்டுகிற முடிச்சாம்.
நான் அவிழ்க்கப் பார்த்தேன், நகம்தான் போனது.
அவள் ஒரு நுனியைத் தொட்டாள்,
மொத்தமும் அவிழ்ந்தது.

எண்ணூறு கொடுத்தாள்,
நோட்டுகள் ஈரம்.
மீதி அறுநூறு
அமாவாசைப் பாசிக்கு அப்புறம்.
படியிறங்கும்போது
ஒவ்வொரு படிக்கும் நின்று
ஆழமாக மூச்சிழுத்துப் பார்த்தாள்,
என்னை நம்பாமல்.
கடைசிப் படியில் நிமிர்ந்து,
"இடம் இருக்குக்கா" என்றாள்.

கேபிள் டை இன்னும் பதினெட்டு மிச்சம் இருக்கிறது.