ஸ்பீக்கர் மேல் பருப்பு

பழைய அலுவலகக் கணினி ஒன்றில் லினக்ஸ் ஏற்றி
டிவிக்குக் கீழே படுக்கவைத்திருக்கிறேன்.
படங்கள், பனிச்சறுக்குப் போட்டிகள்,
மீலியின் கார்ட்டூன்கள் எல்லாம் அதன் வயிற்றில்.

ஞாயிறன்று அம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது
ஒரு கையுறை மாட்டி, மறு கையால் சொன்னாள்:
அப்பா, அதில் சத்தமே வருவதில்லை.
போன தடவையும் வரவில்லை.
ஏன் சொல்லவில்லை என்றேன்.
உன் வீட்டில் இப்படித்தான் போல என்று நினைத்தேன்.

அவளுக்கு ஏழு வயது. காது கேட்கும்.
எனக்குப் பிறந்ததிலிருந்து கேட்காது.

தார்த்து, அன்னெலின் குடியிருப்பு, மூன்றாம் மாடி.
ஜன்னலுக்கு வெளியே மைனஸ் பதினெட்டு.
இரவு பதினொன்றுக்கு டெர்மினலைத் திறந்தேன்.
லாக் என்பது படிக்கிற விஷயம்,
அதில் நான் எவனுக்கும் சளைத்தவனில்லை.
ஜனவரியில் கெர்னல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டபோது
சவுண்ட் கார்டுகளின் வரிசை எண் இடம் மாறியிருக்கிறது.
பூஜ்யம் ஒன்றாகிவிட்டது, ஒன்று பூஜ்யம்.
ஆக, சத்தம் சாகவில்லை.
பின்பக்கம் எதுவும் செருகாத ஒரு துளையில்
ஒரு மாதமாகப் பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

எண்ணைத் திருத்தினேன். மிக்ஸரைத் திறந்தால்
பட்டைகளின் அடியில் இரண்டு எம்.
மியூட் என்று அர்த்தம்.
எனக்கோ அது ம் ம்,
ஒட்டிக்கொண்ட இரண்டு ஜோடி உதடு.
அதே எழுத்தை ஒருமுறை தட்டினேன்.
எம் போய் அங்கே இரண்டு பூஜ்யம்,
திறந்த இரண்டு வாய்.
வாய் பார்த்தே வளர்ந்தவன், சந்தோஷப்பட்டேன்.

சரி, வருகிறதா என்று எப்படித் தெரியும்?
முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் சுவரின் உச்சியில்.
தரையில் சப்வூஃபர். அதைக் கவிழ்த்து
கூம்பின்மேல் ஒரு பிடி பருப்பு போட்டேன்.
சோதனைக் கட்டளையை அடித்தேன்.
திரையில் ஓடியது: முன் இடது. முன் வலது.
பருப்பு அசையவில்லை.
ஒலியை அறுபதுக்கு ஏற்றினேன். எண்பது. நூறு.
கம்பியைப் பிடுங்கிச் செருகினேன்.
பெட்டியை அணைத்துப் போட்டேன்.
முன் இடது, முன் வலது, முன் இடது.
பருப்பு கல் மாதிரி.

இரண்டேகாலுக்குக் கதவுமேல் பல்பு மின்னியது,
விட்டு விட்டு இல்லை, ஒரே மூச்சாக.

கீழ்வீட்டு ஸினயீதா.
இரவுடைக்கு மேல் கம்பளிக் கோட்டு,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
வாய் ரஷ்ய மொழியில் வேகமாக அசைந்தது,
எனக்கு வராத மொழி, ஆனாலும் புரிந்தது.
அரைமணி நேரமாகக் கட்டிடம் முழுக்க
இடது, வலது என்று கத்தியிருக்கிறேன்.
அந்தச் சோதனை சப்வூஃபர் பக்கமே போகாதாம்.
அதைப் பிற்பாடுதான் படித்தேன்.

காதைத் தொட்டுக் காட்டினேன், கையை விரித்தேன்.
பிறகு தரையில் கிடந்த பருப்பைக் காட்டினேன்.
வெகுநேரம் பருப்பையே பார்த்தாள்.
கோட்டைக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்தாள்.

ஒலியை இருபதுக்கு இறக்கினேன்.
எந்தப் பக்கம் வருகிறதோ அந்தப் பக்கம் கைநீட்டச் சொன்னேன்.
திரையில் முன் இடது.
அவள் கை வலப்பக்கம் நீண்டது.
திரும்பவும் போட்டேன். திரும்பவும் வலது.
ஐந்து வருஷம் முன்னால் நான் மாட்டிய கம்பிகள்.
இதை மீலியும் சொன்னதில்லை.

நாற்காலி போட்டு ஏறி மாற்றி மாட்டினேன்.
அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.
பிறகு சப்வூஃபருக்குத் தனியாக ஐம்பது ஹெர்ட்ஸ்.
பருப்பு துள்ளிச் சிதறியது,
ஒன்று அவள் செருப்பில்லாத காலடியில்.

கிளம்புமுன் ஒரு தாளில் எஸ்தோனிய மொழியில் எழுதிக் கேட்டேன்:
அந்தக் குரல் ஆணா, பெண்ணா?
அவள் எழுத்துப்பிழையோடு எழுதினாள்:
பெண். தூக்கமில்லாதவள்.

வெள்ளிக்கிழமை மீலி வந்தாள், கார்ட்டூன் போட்டாள்,
ஐந்து நிமிஷத்தில் எழுந்துபோய்
ஒலியைப் பாதியாகக் குறைத்தாள்.